கண்ணாடிக்கு முதுகு காட்டியவள்

ஆகஸ்டு ஒன்பதாம் நாள், காது கேளாத தையற்காரி ஒருத்திக்கு, "கேட்கும் திறன் போதுமானது" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு அவள் தகுதியற்றவளாம். பரிசோதகர் சொன்ன இருபத்தைந்து சொற்களில் இருபத்திரண்டை அவள் பிழையின்றித் திருப்பிச் சொன்னாளாம். சொன்னது உண்மைதான்; ஆனால் காதால் கேட்டுச் சொல்லவில்லை. பரிசோதனை அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அசைந்த உதடுகளைப் படித்துச் சொன்னாள். ஒன்பது ஆண்டுகளாக வாடிக்கையாளர்களின் வாயைப் பார்த்தே அளவு குறித்துப் பழகியவள் அவள். செவித்துணைக் கருவி மாட்டினாலும் இரைச்சல்தான் மிச்சம்.

நாத்தனார் சண்டை பிடித்து மறுபரிசோதனை வாங்கினாள். இதுவே கடைசி வாய்ப்பு.

"அண்ணி, கெட்டிக்காரத்தனத்த இன்னிக்கு மூட்ட கட்டி வைங்க. இந்தப் பரீட்சையில ஃபெயிலானாத்தான் பாஸு!"

"தெரியலன்னு சொல்ல எனக்கு வாயே வராதேடி."

அறைக் கதவு மூடியது. கண்ணாடிக்கு அப்பால் அதே பரிசோதகர்; அதே மறைக்கப்படாத வாய். உதடுகள் குவிந்தன. 'பூட்டு.' பளிச்சென்று தெரிந்தது. நாக்கின் நுனிவரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

பரிசோதகர் உள்ளே வந்து அவள் முன் நின்றார். "என்னம்மா, எம்மேல கோவமா?"

"உங்க வாயப் பாத்தா எனக்கு எல்லாமே கேக்கும் சார்."

அவர் முகம் செத்துப்போயிற்று. கண்ணாடிக்கு அப்பால் தம் இடத்துக்குத் திரும்பிப் போனார்.

முதுகுக்குப் பின்னால் முனகல் ஒன்று எழுந்து அடங்கியது. சென்ற முறை சொன்ன சொற்கள் அவள் நினைவில் வரிசை கட்டி நின்றன. ஒன்றை எடுத்து வீசினால் சரியாகவும் இருக்கலாம்.

"தெரியல."

மீண்டும் முனகல். "தெரியல." ஒவ்வொரு முறையும் மானம் போவதுபோல் இருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் கலங்கலாய்க் காதில் விழுந்தது. "தட்டு," என்றாள்.

இருபத்தைந்துக்கு ஒன்று. பரிசோதகர் பழைய தாளைக் குறுக்கே அடித்து, அறுவைச் சிகிச்சைக்கான பரிந்துரையில் கையெழுத்திட்டார்.

"ஒத்த மார்க்கு எடுத்துட்டு இப்பிடிச் சிரிக்கிற ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன்!" என்று நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வாசகரே, உங்கள் வீட்டாரைச் செவிப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது பரிசோதகரின் வாயைப் பாருங்கள். அது தெரிந்தால், மறைக்கச் சொல்லுங்கள். மறைக்கும்வரை உட்காராதீர்கள்.