கைப்பட ஒரு பக்கம்

என் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. மீதிப் பேருக்கு எல்லாமே தெரியும். இந்த இரண்டாவது வகைதான் உயிரை வாங்கும். ஒரே ஒரு ரெசிஸ்டர் வாங்க வந்து, மின்சாரம் என்றால் என்ன என்று எனக்கே பாடம் எடுத்துவிட்டுப் போவார்கள். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து போர்டைக் கருக்கிவிட்டு, "பீஸ் சரியில்லைங்க" என்று கொண்டுவந்து என் முன்னால் வைப்பார்கள். மூக்குக்கிட்டே கொண்டுபோனாலே கருகின வாடை அடிக்கும். அப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த இரண்டாவது வகையில் ஒருவரைப் பார்த்துப் பொறுக்கித்தான் நான் கட்டிக்கொண்டேன். யாரைக் குறை சொல்ல?

எங்கள் வீட்டுக்காரருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் படம் வரைகிற ரோபோ. பேரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு பலகை, இரண்டு மோட்டார், பல் வைத்த பெல்ட், நடுவில் ஒரு பேனா, அவ்வளவுதான். பேனாவைத் தூக்கி இறக்க தீப்பெட்டி அளவில் இன்னொரு குட்டி மோட்டார் உண்டு, சர்வோ என்போம். கம்ப்யூட்டர் சொல்கிற இடத்துக்குப் பேனா போகும், கோடு போடும். இதைச் செய்து முடிக்க மனுஷனுக்கு மூன்று வருஷம் ஆனது. முதல் வருஷம் அது போட்ட வட்டமெல்லாம் முட்டையாகவே வந்ததால் கடைக்கு வருகிறவர்கள் அவருக்கு 'முட்டை' என்றே பேர் வைத்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசை மெஷினுக்குப் போய்விட்டது. நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். என் பிறந்தநாள் வாழ்த்தைக்கூட அதுதான் எழுதியது, அச்சடித்த மாதிரி எழுத்தில், இவர் கைதட்ட.

அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பித்தப்பையில் கல் என்று எனக்கு ஆபரேஷன் நடந்த அன்றுதான் பொறுக்கவில்லை. "நீ போய் அட்மிட் ஆகு, பத்து மணிக்கு டாண்ணு வந்துடறேன்" என்றார். பத்து ஆனது, பதினொன்று ஆனது. "கூட யாரும் வரலையாம்மா?" என்று நர்ஸ் மூன்று தடவை கேட்டாள். கடைசியில் என் நாத்தனார், அவருடைய தங்கை, வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து கையெழுத்துப் போட்டாள். இவர் சாயங்காலம் வந்தார், கையில் சுருட்டிய தாளோடு.

"உன் படம்தான் வரைஞ்சுட்டு இருந்தது. ஒன்பது மணி நேர வேலை. நடுவுல நிறுத்தினா எல்லாம் வேஸ்ட்" என்றார்.

மெஷின் வரைகிறது, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். அதற்குத்தான் ஒன்பது மணி நேரம். என் வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் என் மூக்கு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மூக்கும் ஒழுங்காக வரவில்லை, அது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்கு மேலே இருக்கிற அறைக்கு வந்துவிட்டேன். சமாதானம் பேச வந்த நாத்தனாரிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "ஒரு பக்கம். தான் என்ன செஞ்சார்னு தன் கையால எழுதித் தரட்டும். அன்னைக்கே பையை எடுத்துட்டு வந்துடறேன்." வேறெதுவும் கேட்கவில்லை. மேசையைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. எனக்காக ஒரு அரை மணி நேரம் அந்த மனுஷன் தானே குனிந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது, பதில் இல்லை. நான் கோபத்தில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் காத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை, நாத்தனார் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"அண்ணி, எழுதிட்டான்! கைப்பட எழுதினதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினான். கீழதான் நிக்கிறான், மேல வர பயமாம்."

தாளை வாங்கினேன். அவர் கையெழுத்தேதான். வயிறு பெருத்த 'க', வால் நீண்ட 'ன'. 'உன்னை உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது பக்கத்தில் நான் இல்லை. ஒன்பது மணி நேரம் ஒரு பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயக்கம் தெளிந்து நீ யாரைத் தேடியிருப்பாய் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.' இப்படி ஒரு பக்கம் முழுக்க. மனுஷனுக்குள் இவ்வளவு இருந்ததா! நான் அழுதேன். வெட்கமில்லாமல் நாத்தனார் தோளில் சாய்ந்து அழுதேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையில் துணிகளை அடுக்கினேன்.

கடைசியாகக் கடிதத்தையும் பைக்குள் வைக்கலாம் என்று ஜன்னல் பக்கம் எடுத்துக்கொண்டு போனேன். இன்னொரு தடவை படிக்க ஆசை, வேறென்ன. வெளிச்சத்தில்தான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு எழுத்தும் தொடங்குகிற இடத்தில் கடுகளவு ஒரு மைப்பொட்டு.

இந்தப் பொட்டை எனக்குத் தெரியாதா! வாரம் ஒருத்தராவது இதே மாதிரி ஒரு தாளைக் கொண்டுவந்து கடையில் நீட்டுகிறார்கள். பேனாவை சர்வோ பொத்தென்று இறக்கினால் தாளில் முதலில் மை ஊறி நிற்கும். அப்புறம்தான் கோடு கிளம்பும். மனுஷக் கை அப்படி எழுதாது. உடனே 'நான்' எத்தனை இருக்கிறது என்று தேடினேன். பதினொன்று. பதினொன்றும் அச்சு அசல் ஒன்றேபோல, வாலின் நீளம்கூட மாறாமல்.

"என்ன அண்ணி?" என்றாள் நாத்தனார். காட்டினேன். அவள் முகம் செத்துவிட்டது. "எனக்குத் தெரியாது அண்ணி. சத்தியமா தெரியாது."

கீழே இறங்கினேன். ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, பழக்கதோஷத்தில் மோட்டார் டிராயரைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"இதை யார் எழுதினது?"

"நான்தான்."

"எதால?"

அவர் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது, ஒரு விநாடி. உடனே அந்தப் பாழாய்ப்போன ஆர்வம் வந்து அதைத் தள்ளிவிட்டது.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

பொட்டைத் தொட்டுக் காட்டினேன். "அடடே!" என்று குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஏதோ நான் அநியாயம் பண்ணிவிட்ட மாதிரி பேச ஆரம்பித்தார். "ஒவ்வொரு எழுத்தையும் கட்டம் போட்ட தாள்ல நானே கையால எழுதி ஸ்கேன் பண்ணினேன், தெரியுமா? இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து! மூணு வாரம் ராப்பகலா உக்காந்தேன்."

"ஃ கூட எழுதினீங்களா?"

"அது இல்லாம எப்படி?"

"என்கிட்ட மன்னிப்புக் கேக்க ஃ எதுக்குங்க?"

ஒரு பக்கம் எழுதச் சோம்பல்பட்டு மொழி முழுவதையும் எழுதி வைத்திருக்கிறார்! இப்படி ஒரு பிறவியை எங்கே போய்ப் பார்ப்பது? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஆனா வார்த்தையெல்லாம் என்னுதும்மா" என்றார், குரல் இறங்கி. "யோசிச்சு யோசிச்சு டைப் பண்ணினேன். ஒவ்வொண்ணும் நிஜம்."

நிஜம்தான். எனக்கே தெரிந்தது. அதுதான் என்னை இன்னும் வதைத்தது. ஒரேயடியாகப் பொய் என்றால் ஷட்டரை இறக்கிவிட்டு மேலே போயிருப்பேன். மனசு கேட்கவில்லை. பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைத் திருப்பி, வெறும் பக்கமாக அவர் முன்னால் வைத்தேன். மேலே ஒரு பேனாவை வைத்தேன்.

"அதே வார்த்தைதான். பாத்துகூட எழுதுங்க. நாலு வரி போதும். மேல பை ரெடியா இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். எழுத ஆரம்பித்தார்.

பின்னால் வந்து நின்ற நாத்தனார் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இரண்டு இடத்தில் அடித்துவிட்டு, மூச்சுவிடாமல் எழுதினார். இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் எனக்காக இப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. சரி, முட்டைதான், முட்டாள்தான், ஆனாலும் என் முட்டாள், மன்னித்துத் தொலைக்கலாம் என்றே முடிவு பண்ணிவிட்டேன்.

எழுதி முடித்து, முகமெல்லாம் பிரகாசமாக நீட்டினார். வாங்கிப் பார்த்தேன்.

'1. பேனா இறங்கும் வேகம் பாதியாகக் குறைக்கணும்.

2. ஒவ்வொரு எழுத்துக்கும் மூணு மாதிரி, மாத்தி மாத்தி வரணும்.

3. வரி கொஞ்சம் கோணலாப் போகணும்.

4. நடுவுல ரெண்டு அடித்தல் திருத்தல்.'

"இதையெல்லாம் சரி பண்ணிட்டேன்னு வை, உனக்குக் கண்டுபிடிக்கவே முடியாது பாரு" என்றார்.

அவர் கையெழுத்துதான். வரி கோணலாகத்தான் போயிருந்தது. எந்த எழுத்தின் தொடக்கத்திலும் பொட்டு இல்லை. நாத்தனார் என் கையை விட்டுவிட்டு மாடியேறினாள். பையின் ஜிப்பைத் திறந்து என் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்குகிற சத்தம் கீழே கேட்டது.

அவர் பேனாவை இன்னும் கீழே வைக்கவில்லை. "அந்தத் தாளை ஒரு நிமிஷம் குடேன்" என்று கையை நீட்டினார். "அஞ்சாவதா ஒண்ணு தோணுது."