எடைக்கு வைத்த ஆள்

அடி படாத, தப்பு எதுவும் செய்யாத ஒருவனை ஆட்டத்தின் நடுவில் பயிற்சியாளர் வெளியே கூப்பிட்டால், எங்கள் கூடைப்பந்துத் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பெஞ்சில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து கட்டிப்பிடிப்பார்கள். அவ்வளவுதான், உன்னை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் லூயிவில் அரங்கத்தில் கோச் ஹாட்ஜ் என்னைக் கூப்பிட்டார். உட்காரக்கூட விடாமல் ஒருவன் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சரி, நம்மைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைப்பதற்குள் கோச் ஜமீரையும் கூப்பிட்டார். அரங்கம் முழுக்க ஜனம். ஒரு சத்தம் இல்லை. பாப்கார்ன் விற்கிறவன்கூட வாயை மூடிக்கொண்டான்.

ஜமீர் ஓக்ஸ் எங்கள் ஊரின் ஒரே நட்சத்திரம். வயது இருபத்து நான்கு. அவன் வந்த பிறகுதான் லூயிவில் மாதிரி ஒரு சின்ன ஊர் பெரிய அணிகளை நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்திருந்தது. அவனை சான் டியேகோ அணி வாங்குகிறது. அங்கே ஏற்கெனவே இரண்டு பெரிய தலைகள் இருக்கின்றன, இவன் மூன்றாவது. தொலைக்காட்சியில் ஒரு வாரமாக இந்த மெகா கூட்டணியைப் பற்றித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். இது நடந்துவிட்டால் இனி சீசன் எதற்கு, கோப்பையை இப்போதே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாமே என்று.

நான் ஆர்விஸ் டில்மன். முப்பத்தைந்தைத் தொடப்போகிற மாற்று ஆட்டக்காரன். என்னை யாரும் ஆசைப்பட்டு வாங்கவில்லை. இரண்டு பக்கமும் கைமாறுகிற சம்பளம் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்பது லீகின் விதி. ஜமீரை மட்டும் வைத்தால் தட்டு சாய்கிறது. காய்கறிக் கடையில் தட்டு நேராக நிற்க ஒரு சின்னக் கல்லை எடுத்துப் போடுவார்களே, அந்தக் கல்தான் நான்.

முன்வரிசையில் வெர்னா கொலோபி எழுந்து நின்றாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஆறு வருடமாக ஒவ்வொரு ஆட்டத்திலும் என்னைத் திட்டுவதற்கென்றே டிக்கெட் வாங்குகிறவள்.

"ஏய் ஆர்விஸ்! எங்க புள்ளைய இழுத்துட்டுப் போறியா? மெடிக்கல்ல பெயிலாயிடுடா! உனக்குப் புண்ணியமாப் போகும்!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கைமாறுகிறவர்களில் ஒருவன் மருத்துவப் பரிசோதனையில் தேறாவிட்டாலும் ஒப்பந்தம் மொத்தமும் செல்லாது. அது ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் சில வாரங்களாக என் நெஞ்சு சரியில்லை. ஓடும்போது இதயம் படியில் தடுக்கி விழுகிறவனைப் போல ஒரு துடிப்பைத் தவறவிட்டு, பிறகு நாலைந்தாக அடித்துக்கொண்டு எழுகிறது. ஒரு தடவை குளிக்கும்போது கண் இருட்டி, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி டனீஷாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் பந்தைப் பிடுங்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். என் அண்ணன் ராண்டல் கல்லூரி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே விழுந்தான். வயது இருபத்திரண்டு. விளையாட்டுக்கு விழுகிறான் என்று எல்லோரும் சிரித்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த நானும் கைதட்டிச் சிரித்தேன்.

அன்று மாலையே எங்கள் இருவரையும் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஜமீருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"என்னண்ணே மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? சாம்பியன் மோதிரம் வாங்கப் போறோம்ணே, பல்லு புடுங்கப் போகல."

"நீங்க மூணு பேரும் ஒரே பக்கம் நின்னா மத்தவன்லாம் எதுக்குடா ஆடணும்? டிக்கெட் வாங்கிட்டு வந்து உங்கள வேடிக்கை பாக்கட்டுமா?"

"பாக்கட்டுமே. அஞ்சு வருஷமா நான் தோத்துட்டே இருந்தேன்ல? அப்ப எவனாச்சும் சமநிலை சமநிலைன்னு அழுதானா?"

"அழல."

"லூயிவில்லயே கெடந்து தோத்தா நல்ல புள்ள. ஜெயிக்கறதுக்கு ஒரு எடத்துக்குப் போனா துரோகி. இது என்னண்ணே ஞாயம்?"

இப்படிப் பெரிய தலைகள் ஒன்று சேர்வதை நான் பேட்டிகளில் கிழிகிழியென்று கிழித்திருக்கிறேன். ஆனால் பதின்மூன்று வருடம் ஆடியும், கோப்பை வென்ற அணிக்குக் கொடுக்கிற அந்த மோதிரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காதவனுக்குக் கொள்கை எவ்வளவு நேரம் தாங்கும்? எனக்கும் ஆசை வந்துவிட்டது. இந்தப் பரிசோதனையைத் தாண்டிவிட்டால் போதும், ஜூன் மாதம் சீசன் முடியும்போது பெஞ்சில் உட்கார்ந்தபடியே மோதிரம் வாங்கிவிடலாம். அதற்குப் பிறகு டாக்டரிடம் போகலாம்.

"என்னண்ணே, நெஞ்சத் தேய்க்கிறீங்க?"

கை தானாக அங்கே போயிருக்கிறது. "வாயுடா. உன் பேச்சக் கேட்டா வேற என்ன வரும்?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் சான் டியேகோவில் அணியின் மருத்துவமனை. வாசலிலேயே கிரெக் மெக்ஆர்டில் நின்றார். அணி நிர்வாகத்தின் ஆள், காதிலிருந்து போனை எடுக்காத மனிதர். மாலை ஆறு மணிக்கு இந்த வருடத்துக்கான கைமாற்றக் கெடு முடிகிறது. அதற்குள் இரண்டு பேரும் தேறியதாகத் தாள் போய்ச் சேர வேண்டும்.

ஜமீர் முதலில் உள்ளே போனான். சீக்கிரமே கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வெளியே வந்தான். மெக்ஆர்டில் அவனுக்கு அங்கேயே புது ஜெர்சியை மாட்டிவிட்டார்.

என் முழங்காலை ஆட்டிப் பார்த்தார்கள், முதுகைத் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் வயதுக்கு ஏற்ற கோளாறுதான் என்றார்கள். பிறகு எக்கோ எடுக்கும் அறை. இதயத்தைத் திரையில் பார்க்கிற கருவி. படுக்க வைத்து, நெஞ்சில் ஜில்லென்று ஏதோ பசையைத் தடவினாள் லூப்பே என்கிற பெண். வாய் ஓயாத பெண்.

"பயப்படாதீங்க சார், வலிக்கவே வலிக்காது. எங்கம்மா ஒரு நாய் வளக்கறாங்க. பேரு தளபதி. சரியான திருடன். போன வாரம் எங்கக்கா கல்யாணம். இத்தன பெரிய கேக்கு, மூணு அடுக்கு. எல்லாரும் போட்டோவுக்கு நிக்கறோம். இவரு மெதுவா மேசைக்கு அடியில போயி..."

நிறுத்திவிட்டாள்.

அவள் கை என் நெஞ்சில் ஒரே இடத்தில் நின்றது. பிறகு கொஞ்சம் நகர்ந்து மறுபடி அங்கேயே வந்தது. திரை என் பக்கம் திரும்பியிருக்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தேன்.

"போயி என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு நிமிஷம் சார், டாக்டரைக் கூப்பிடறேன்."

பொய் சொல்வானேன், அந்த வயதிலும் அம்மாவை நினைத்துக்கொண்டேன். டாக்டர் இங்க்ரம் வந்தார். நரைத்த தலை, அமைதியான அம்மாள். தானே கருவியைப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மிஸ்டர் டில்மன், உங்க குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்லையே," என்றேன். பயம் என் வாயில் புகுந்துகொண்டு அதுவே பதில் சொல்லிவிட்டது.

அவர் வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மெக்ஆர்டில் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை. பிறகு இருவரும் உள்ளே வந்தார்கள். மெக்ஆர்டில் முகம் முழுக்கச் சிரிப்பு.

"எல்லாம் ஓகே ஆர்விஸ். மெஷின்ல படம் மட்டும் தெளிவா விழல. அது கெடக்கு, அடுத்த வாரம் எடுத்துக்கலாம். இப்ப கெளம்புங்க. ரசிகருங்க காத்துட்டிருக்காங்க. அவங்க முன்னாடி சும்மா ரெண்டு ரவுண்டு ஓடிக் காட்டினா போதும்."

முதலில் எனக்கு மகிழ்ச்சிதான் வந்தது. தேறிவிட்டேன்! அடுத்த மூச்சிலேயே சந்தேகம் வந்தது. படம் தெளிவாக இல்லையென்றால் அந்தப் பெண் ஏன் நாய்க் கதையை நிறுத்தினாள்? ராண்டலும் சும்மா ஓடிக்கொண்டிருந்தவன்தான்.

"டாக்டர், படம் தெளிவா இல்லையா?"

அவர் தரையைப் பார்த்தார். "அதான் சொன்னேனே," என்றார் மெக்ஆர்டில்.

"நீங்க கேட்டா இப்பவே திரும்ப எடுக்கலாம்," என்றார் டாக்டர். தலையைத் தூக்காமலேதான் சொன்னார்.

"டாக்டர், மணி என்னாச்சு தெரியுமா?" என்றார் மெக்ஆர்டில்.

"தெரியும்."

எனக்கும் தெரியும். இதயத்தில் கோளாறு என்று எழுதிவிட்டால் அது லீகின் மருத்துவர்களுக்குப் போயாக வேண்டும். அவர்கள் முடிவு சொல்ல நாளாகும். ஆறு மணிக்கு ஒப்பந்தம் செத்துவிடும். அந்த வேளையில் ஜமீர் கதவைத் திறந்து தலையை நீட்டினான். புது ஜெர்சியில் மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"கெளம்பலாமாண்ணே?"

நான் மோதிரத்தைப் பார்த்தேன், ராண்டலைப் பார்த்தேன், டனீஷாவைப் பார்த்தேன். எல்லாம் ஒரு நொடிக்குள். வீரம் எதுவும் இல்லை. எனக்குச் சாகப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"எடுங்க டாக்டர். எங்கண்ணன் இருபத்திரண்டு வயசுல ஓடிட்டிருந்தப்பவே செத்துட்டான். முன்ன இல்லேன்னு சொன்னது பொய். எனக்கும் கொஞ்ச நாளா நெஞ்சு தடுக்குது."

மெக்ஆர்டில் ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனோடு வெளியே ஓடினார். ஜமீர் என்னையே பார்த்தான்.

"ஒரு வாரம்ணே. ஒரே ஒரு வாரம் வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான். எனக்கு அவனை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அழுகையும் வந்தது.

டாக்டர் மறுபடி கருவியை வைத்து, திரையை என் பக்கம் திருப்பினார். பார்க்கப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய குழாய் ஊதிப்போயிருப்பதை அவர் விரலால் தொட்டுக் காட்டினார்.

"இனிமே ஓடக் கூடாது மிஸ்டர் டில்மன். ஆபரேஷன் வேணும். சீக்கிரமே."

"ஆட்டம்?"

"முடிஞ்சுது. ரெண்டு ரவுண்டு ஓடியிருந்தா இன்னிக்கே..." என்று ஆரம்பித்து அவரே நிறுத்திக்கொண்டார். "என்னை மன்னிச்சிருங்க," என்றார்.

நான் சட்டை பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் செய்தி வெளியே போய்விட்டது. கோச் ஹாட்ஜ் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். லூயிவில்லில் அரங்க வாசலில் ஊரே ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் வெர்னா, தொண்டை கட்டிய குரலில், "ஆர்விஸ், என் தங்கமே! சொன்னபடி செஞ்சிட்டியே! உன் முட்டிக்குச் செலை வைக்கணும்டா!" என்று கத்தினாள். முழங்கால் என்று நினைத்துவிட்டாள், பாவம். சான் டியேகோவைத் தவிர எல்லா ஊரும் அன்று கொண்டாடியது. லீக் பிழைத்தது என்றார்கள். நான் பிழைப்பேனா என்று கேட்க அந்த நேரம் டனீஷா ஒருத்திதான் போன் செய்தாள். அவளிடம் பேச முடியாமல் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கதவு மெதுவாகத் திறந்தது. ஜமீர். ஜெர்சியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தான். கண் சிவந்திருந்தது.

"உங்கண்ணனுக்கு... முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுதாண்ணே?"

"ஒண்ணும் தெரியலடா. சிரிச்சிட்டே ஓடினான்."

டாக்டர் பக்கம் திரும்பினான்.

"டாக்டர், என்னோடத உண்மையாவே பாத்தீங்களா?"

"பார்த்தேன். உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"அவருக்கும் ஒண்ணும் இல்லேன்னுதான சொன்னாங்க? அவரு சும்மா எடைக்கு வந்தவரு. அவருக்கே மறைச்சாங்க. அவங்களுக்கு வேண்டியது நான். எனக்கு ஏதாச்சும் இருந்தா சொல்ல விட்டிருப்பாங்களா?"

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அவர் எதைச் சொன்னாலும் அது பதில் ஆகாது. "படுங்க," என்றார். "ரெண்டு பேர் கண்ணு முன்னாடியும் பாத்துடலாம்."

நான் இறங்கிக் கட்டிலை அவனுக்கு விட்டேன். அத்தனை பெரிய உடம்பு, கால் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கையை அவன் பிடித்தான். ஈரமாக இருந்தது. லூப்பே பசையைத் தடவினாள், கருவியை வைத்தாள். திரையைப் பார்த்து எனக்கு ஒன்றும் புரியாது. நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பேசவில்லை.

கருவி மேலே போனது, கீழே வந்தது, ஓரிடத்தில் நின்றது. என் இதயம் மறுபடி தடுக்கியது. இந்தத் தடவை நான் என்னைப் பற்றிக் கவலைப்படவில்லை. பேசு பெண்ணே, ஏதாவது பேசு என்று மனதுக்குள் கெஞ்சினேன். ஜமீரின் விரல்கள் என் கையை நொறுக்கின. கருவி நகர்ந்தது. லூப்பே ஒரு பெருமூச்சு விட்டாள்.

"தளபதி மேசைக்கு அடியில போச்சுன்னு சொன்னேன்ல சார்?" என்றாள். "அந்தத் துணிய வாயால கவ்வி ஒரே இழுப்பு. மூணு அடுக்கும் மாப்பிள்ள தலையில."

ஜமீர் சிரித்தானா அழுதானா தெரியவில்லை. நான் அவன் கையை விடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.