முத்தின கோழி

"நல்லா முத்துனதாப் பாத்துக் குடுப்பா," என்று இருளம்மாள் சொன்னதும் கோழிக்கடை காளிராஜ் நிமிர்ந்து பார்த்தான்.

"விடைக்கோழி இருக்குக்கா, பஞ்சா வெந்துரும். இந்தக் கிழட்டுப் பெட்டை வேகுறதுக்குள்ள அடுத்த பொங்கலே வந்துரும்."

"வரட்டும். நீ அறு."

ராஜபாளையத்து வீட்டில் சம்பந்தி சேதுபதி காத்திருந்தார். மகள் யுவராணியைக் கூட்டிப் போக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டார். இருளம்மாளின் ஒரே மகன் வேல்பாண்டி லாரி மோதிச் செத்து, போன வாரந்தான் வருசத் திதி கழிந்தது. அதுவரை வாய் திறக்காத மனுசன், மறுநாளே போன் பண்ணினார். மகளுக்கு அங்கே ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிங் வேலை சொல்லி வைத்திருக்கிறாராம். யுவராணி போறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று மட்டும் பேச்சாகியிருந்தது.

கறி வேகாமல் யாரும் கிளம்ப முடியாது. இருளம்மாள் அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

மிக்ஸி இருக்க, மல்லியையும் மிளகையும் அம்மியில் வைத்து அரைத்தாள். சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாக உரித்தாள். நல்லெண்ணெயில் கறியைச் சுருள வதக்கி, கொஞ்சமாய்த் தண்ணீர் விட்டு, தட்டால் மூடி, தட்டின் மேலும் தண்ணீர் ஊற்றி அடுப்பைச் சிறுத்து வைத்தாள். கைதான் மெதுவாக நடந்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உள் அறையில் பீரோக் கதவு கிறீச்சிட்டது. எட்டிப் பார்த்தாள். யுவராணி சேலைகளை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்ப ஓடி வந்து கரண்டியால் கறியை அழுத்தினாள். அமுங்கவில்லை. மூச்சு வந்தது.

"தங்கச்சி, வாசனை தெருவையே தூக்குது. இன்னும் எம்புட்டு நேரமாகும்?" கூடத்திலிருந்து சேதுபதி கேட்டார்.

"ஆச்சுண்ணே. நாட்டுக்கோழில்லா, செத்த மொரண்டு பிடிக்கும்."

"மொரண்டு கோழிக்கா, சமைக்கிறவுகளுக்கா?"

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. தட்டில் கொதித்த தண்ணீரைச் சட்டியில் சாய்த்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்ற ஒரு தரம், உப்புப் பார்க்க ஒரு தரம், ஒன்றுமில்லாமல் ஒரு தரம் என்று மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

யுவராணி அடுப்படிக்குள் வந்தாள். ஒன்றும் கேட்காமல் ஒரு துண்டை எடுத்து ஊதி வாயில் போட்டாள்.

"ஏட்டி, இன்னும் வேகல."

"செருப்பாட்டம் இருக்கு. காளிராஜ் கடையில விடைக்கோழி இல்லையாக்கும்?"

"இல்ல."

"பொய் சொல்லாதீக அத்தை. வேணும்னுதான வாங்குனீக?"

இருளம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "போயிருவியா தாயி?"

"போகணும் அத்தை. தெருவுல எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் அவுகதான்னு கதவத் தொறக்க எந்திரிக்கேன். நீங்களும் எந்திரிக்கீக. பொறவு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காருதோம். இப்படியே இருந்தா ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிரும்."

'நான் ஒத்தையில என்ன செய்வேன்' என்பது இருளம்மாளின் நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அவள் இருந்துவிடுவாள். அது நன்றாகத் தெரிந்தது. ஒரு சொல் போதும்.

யுவராணி இன்னும் அதே துண்டை மென்றுகொண்டிருந்தாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் மனமில்லை. கன்னம் ஒட்டிப்போய், கண்ணில் நீர் முட்டி நின்றது.

இருளம்மாள் உள்ளங்கையை அவள் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துப்பு."

"அத்தை..."

"துப்புட்டி."

சக்கையைக் கையில் வாங்கி வெளியே எறிந்துவிட்டு வந்தாள். மேல்தட்டிலிருந்து குக்கரை இறக்கி, சட்டியோடு கவிழ்த்துக் கறியைக் கொட்டினாள். மூடியைத் திருகி, அடுப்பைப் பெரிதாக எரியவிட்டாள்.

"அண்ணே, கை கழுவுங்க. இந்தா இலையப் போட்டுருதேன்," என்று கூடத்தைப் பார்த்துச் சத்தம் கொடுத்தாள். விசில் வருகிறவரைக்கும் அங்கே நிற்க முடியவில்லை. அந்தப் பிள்ளையின் துணிமணி எதுவும் விட்டுப்போய்விடக் கூடாதென்று பீரோவைப் பார்க்கப் போனாள்.