யோசெப்பின் விசாரித்து வாங்கிய மெமரி

2003ஆம் ஆண்டு கார்த்திகையில், மொன்றியல் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலரை, கட்டடச் சொந்தக்காரர் நிறுத்தினார். மறுநாள், இரண்டாம் மாடியில் அருமைராசா வைத்திருந்த பழைய அமிகா கணினி அவருடைய வீட்டைச் சூடாக்கத் தொடங்கியது. கணினியைத் தொட்டால் சில்லென்றுதான் இருந்தது. சூடு சுவர்களிலிருந்து வந்தது. ஜெர்மனியில் அகதியாக இருந்த காலத்தில் அருமைராசா அதை வாங்கி, விமானத்தில் மடியில் வைத்துக் கனடாவுக்குக் கொண்டுவந்தவர். அன்று தொட்டு அதில் சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். வேறு ஒரு பிரயோசனமும் அதனால் இருக்கவில்லை. ஜான்-டலோன் சந்தையில் காய்கறிக் கடை வேலை முடிந்து வந்த மனைவி யோசெப்பின், கோட்டைக் கழற்றினாள், ஸ்வெற்றரைக் கழற்றினாள், பிறகு பொயிலரைத் திருத்திவிட்டார்களா என்று கேட்டாள். “இல்லையப்பா, உதாலைதான்” என்று அருமைராசா கணினியைக் காட்டினார். நல்லது என்று சொல்லிவிட்டு அவள் உலை வைக்கப் போனாள். சந்தையில் லீக்ஸ் விலை ஏறியிருந்தது. சாப்பிடும்போது அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சொந்தக்காரருக்கு அந்தக் கட்டடம் வெறுமையாக வேண்டும். பழைய வாடகையில் இருக்கிறவர்களைக் கிளப்பிவிட்டு, உள்ளே இடித்துக் கட்டி, நல்ல விலைக்கு விற்க நினைத்திருந்தார். சட்டப்படி கிளப்ப வழியில்லாததால் குளிரை ஏவிவிட்டார். பொயிலர் செத்துவிட்டது, திருத்த முடியாது, மாசிக் கடைசியில் நகரசபைப் பரிசோதகர் வருவார், வீடுகள் உறைந்து கிடந்தால் மனிதர் வாழத் தகாத இடமென்று பூட்டிவிடுவார், அதற்கு முன் நீங்களாகப் போனால் மரியாதை என்று படிக்கட்டில் நின்று அறிவித்தார். மற்ற ஐந்து வீடுகளிலும் பிள்ளைகள் கோட்டோடு படுத்தார்கள். மின்சார ஹீட்டர் இரண்டை ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போனது. “ஊரிலை ரெண்டு வீட்டை விட்டிட்டு ஓடினனான். அது ஷெல்லுக்கு. இவன்ரை பொயிலருக்கெல்லாம் நான் ஓட மாட்டன்” என்று யோசெப்பின் மேல்படியில் நின்று சொன்னாள். சொந்தக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் ஒரு படி இறங்கித்தான் நின்றார்.

கணினியில் இருந்த மெமரி ஒரு வீட்டுக்குத்தான் காணும். ஆறு வீட்டுக்கும் சூடு வேண்டுமென்றால் எட்டு மெகாபைட் கார்டு ஒன்று போட வேண்டும் என்று அருமைராசா சொன்னார்; யாரும் மறுக்கவில்லை. அந்தக் கணினியைச் செய்த கொம்பனி மூடி வருடக் கணக்காகியிருந்தது. கார்டு வேண்டுமென்றால், உலகத்தின் நிலவறைகளில் பழைய சாமான்களோடு குந்தியிருக்கும் தனி ஆட்களிடம் இன்ரநெற்றில்தான் வாங்க வேண்டும். அருமைராசா படத்தைப் பார்த்து வாங்குகிற ஆள். முதலாவது கார்டு பளபளவென்று வந்தது. செருகியதும் மூன்றாம் மாடியில் தியாகலிங்கம் வீட்டு பிறிட்ஜுக்குள் மட்டும் வெயில் எறித்துப் பால் திரைந்தது. இரண்டாவது கார்டு ஏற்கெனவே வெடித்து, பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது; அதன் சூடு முழுவதும் தெருவைக் கடந்து போய், எதிர் வீட்டு முற்றத்தில் தை மாதத்தில் தக்காளி காய்த்தது. மூன்றாவதை விற்றவன் பச்சைப் பொய்யன். அவனுடைய கார்டு கிடந்த இரண்டு நாளும் அருமைராசாவின் வரவேற்பறைக்குள் பனி கொட்டியது. யோசெப்பின் சவளால் அள்ளி யன்னலுக்கு வெளியே போட்டாள். தியாகலிங்கம் பெண்சாதி பிள்ளைகளோடு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, கடைசிக் குழந்தைக்கு நெஞ்சுச்சளி. சொந்தக்காரர் தினமும் காரில் வந்து, இருட்டாய்க் கிடந்த அந்த யன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

“படத்தைப் பாத்து ஆரும் பொம்பிளை குடுக்கிறதோ? விசாரிக்க வேண்டாமே?” என்று யோசெப்பின் அந்த வேலையைத் தன் கையில் எடுத்தாள். மாப்பிள்ளை விசாரிப்பதில் பங்குக் கோயிலில் அவளுக்கு நிகரில்லை. சூரிச்சில் இருக்கும் பெடியனையும் லண்டனில் இருக்கும் பெடியனையும் மொன்றியலில் இருந்தபடியே அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுவாள். அவள் சரியென்று சொன்ன இடத்துக்குப் போன பெண் ஒருத்தியும் அழுதுகொண்டு திரும்பியதில்லை. மாப்பிள்ளையிடமும் கேட்க மாட்டாள், அவன் இனசனத்திடமும் கேட்க மாட்டாள். எதிர் வீட்டில் கேட்பாள், பால் வாங்கும் கடையில் கேட்பாள், கடைசியாகக் கோயிலில் கேட்பாள். ரெலிபோன் கார்டுகளை வாங்கி அடுக்கிக்கொண்டு, இப்போது மெமரி விற்கிறவர்களை அதே மாதிரி விசாரித்தாள். ஒஹாயோக்காரன் இரவல் வாங்கிய ஏணியை அயலவருக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை, வேண்டாம் என்றாள். பின்லாந்துக்காரன் தங்கமான பிள்ளை, ஆனால் குடி. பார்சல் கட்டும்போது கை நடுங்கும் என்று அவனையும் விட்டாள். “நாள் போகுதப்பா, மாசி வரப்போகுது” என்று அருமைராசா புலம்பினார். “போனாப் போகட்டும். கண்ட கழிசடையளின்ரை சாமானை இனி இந்த வீட்டுக்குள்ளை விட மாட்டன்” என்றாள்.

கடைசியில், இரண்டு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் ட்ருவா-ரிவியேரில் ரெஜான் என்று ஒருவர் அகப்பட்டார். கடதாசி ஆலையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர், அறுபது வயது, தாயோடு இருந்தார். அவர் தெருவில் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்தவள், மிச்சக் காசு ஐந்து சதம் கூடிவிட்டதென்று ரெஜான் பனிக்குள் திரும்பி நடந்து வந்ததைச் சொன்னாள். அந்த ஊர்ப் பாதிரியாரிடம் யோசெப்பின், சந்தையில் படித்த பிரெஞ்சில், வழக்கமாகக் கேட்கிறதையெல்லாம் கேட்டாள்: குடிப்பாரா, தாயை எப்படிப் பார்க்கிறார், எந்தப் பெண்ணுக்காவது வாக்குக் கொடுத்து மாறினவரா? பாதிரியார் எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொன்னார். மெமரி என்ற சொல்லை மட்டும் பழக்கதோஷத்தில் அவள் சொல்லவே இல்லை. அருமைராசா கார்டுக்கு எழுதிப் போட்டதும், அனுப்ப மாட்டேன், நானே கொண்டுவருகிறேன் என்று ரெஜானிடமிருந்து பதில் வந்தது.

பரிசோதகர் வருவதற்கு முதல் சனிக்கிழமை, ரெஜான் கறுப்புக் கோட் சூட்டில், மினுக்கிய சப்பாத்தோடு, கையில் பூங்கொத்துடன் வந்து நின்றார். பின்னால் தாயார், மேப்பிள் பாணி ஊற்றிச் சுட்ட கேக்கோடு. கிழவி சோபாவில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, பெண் எந்த அறையிலிருந்து வருவாள் என்று ஒவ்வொரு கதவாகப் பார்த்தாள். யோசெப்பினுக்கு அப்போதுதான் விளங்கியது: அவள் கேட்டதையெல்லாம் பாதிரியார் அவர்கள் வீட்டில் சொல்ல, அவர்கள் அதைச் சம்பந்தப் பேச்சென்று எடுத்துவிட்டார்கள். வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. ஆனாலும் மழுப்பவில்லை. இந்த வீட்டில் பெண் இல்லை, கணினிக்கு மெமரிதான் தேவைப்பட்டது, விசாரித்த முறையில் பிழை என்னுடையது, மன்னியுங்கள் என்று நேரே சொன்னாள். ரெஜான் பூங்கொத்தை மேசையில் வைத்தார். பிறகு, இத்தனை வயதில் தன்னைப் பற்றி யாரும் எங்கேயும் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை என்றும், தான் நல்லவன் என்று தனக்கே இப்போதுதான் தெரியும் என்றும் சொல்லி, ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டார்.

கார்டு ஏறியது. தேத்தண்ணீர் ஆறுவதற்குள் ஆறு வீடும் சூடாகிவிட்டன. கீழ் வீட்டில் கம்பளியை உதறி மடிக்கும் சத்தம் கேட்டது. மேலே தியாகலிங்கத்தின் வெறும் வீட்டில் உறைந்த குழாய் இளகித் தண்ணீர் கொட்டியது. வாசல் படியில் இருந்த பனி உருகி ஓடை மாதிரித் தெருவுக்குப் போனது. திருமணமான வருடத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் தன் கால்விரல்கள் தனக்குத் தெரிகின்றன என்று சொன்ன தாயார், கோட்டைத் திரும்பப் போட மறுத்துவிட்டாள். அம்மாவும் பிள்ளையும் ஊருக்குப் போகாமல் அருமைராசா வீட்டிலேயே தங்கினார்கள்.

பரிசோதகர் வந்த அன்று மொன்றியலில் மூக்கு விறைக்கும் குளிர். அவர் முதல் வீட்டில் கோட்டையும் இரண்டாம் வீட்டில் கழுத்துப்பட்டியையும் கழற்றினார். தியாகலிங்கத்தின் வெறும் வீட்டிலும் வெப்பமானி குறையவில்லை. சொந்தக்காரர் அவரை நிலவறைக்குக் கூட்டிப்போய், செத்துக்கிடந்த பொயிலரைத் தட்டித் தட்டிக் காட்டினார். வீட்டைத்தான் தான் அளக்க வந்ததாகவும், வீடுகள் நன்றாக இருப்பதாகவும், பொயிலர் இல்லாமல் இவ்வளவு ஒழுங்காகச் சூடு கொடுக்கிற சொந்தக்காரரைத் தான் கண்டதில்லை என்றும் சொல்லி, பரிசோதகர் கைகொடுத்துவிட்டுப் போனார். “மெர்சி, மிசியே” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லி, யோசெப்பினும் சொந்தக்காரருக்குக் கைகொடுத்தாள். அவருடைய கை மட்டும் குளிர்ந்து கிடந்தது.

ஆடி முதலாம் திகதி அந்த நகரத்தில் வீடு மாறுகிற நாள். சொந்தக்காரர் நம்பிக்கை விடாமல் காரில் வந்து எதிர்ப்பக்கம் காத்திருந்தார். மத்தியானம் ஒரு லொறி வந்து வாசலில் நின்றது. ஆவலாய் இறங்கி ஓடிவந்தார். லொறிக்குள் ஏற்ற யாரும் ஒன்றையும் கொண்டுவரவில்லை. லொறியிலிருந்துதான் ஒரு கிழவியின் கட்டிலும், பெட்டி பெட்டியாகப் பழைய கணினிகளும் இறங்கி, ஐந்து வீட்டார் தோளிலும் ஏறி மூன்றாம் மாடிக்குப் போயின. தியாகலிங்கம் ரொறன்ரோவிலிருந்து தன் வாடகை லீஸை ரெஜானின் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருந்தார். காரணமில்லாமல் அதை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. ஊரில் எத்தனையோ வீடு இருக்க, இந்தக் கட்டடத்துக்கு எதற்கு வந்தாய் என்று சொந்தக்காரர் ரெஜானைப் பிடித்துக் கேட்டார். “இவர்கள் என்னை விசாரித்தார்கள்” என்று சொல்லிவிட்டு, ரெஜான் கட்டில் சட்டத்தின் மற்ற முனையைத் தூக்கினார். அந்த வருடக் குளிர்காலத்திலிருந்து, பனி வழிக்கிற வண்டிக்காரன் அந்த வாசலுக்கு வந்ததும் தகட்டைத் தூக்கிக்கொண்டு போகிறான். அங்கே வழிக்கப் பனி கிடையாது.