வரைபடத்தில் ஓடிய குதிரை

1

இந்தக் கதை ஒரு கோட்டிலிருந்து பிறந்தது. நாரின் என்ற மலைநகரத்தின் மருத்துவமனைக் கணினியில் ஒரு முழங்கால் வரைந்த கோடு. பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். கை நிற்கவில்லை.

முதல் வரி: இயன்முறை மருத்துவர் ஜிபெக் ஜன்னல் வழியே பனி உருகுவதைப்—

(வேண்டாம். ஜன்னலுக்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை.)

2

எல்தியார் கோக்-பொரு ஆட்டக்காரன். ஓடும் குதிரையிலிருந்து குனிந்து, செத்த ஆட்டை அள்ளி, எதிரணியின் தொட்டியில் வீசுகிறவன். போன ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு அறுந்தது, தைத்தார்கள். ஜிபெக் அவன் தொடையிலும் கெண்டைக்காலிலும் தீப்பெட்டி அளவு உணரிகளைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினாள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அவை சொல்லும். மருத்துவமனைக் கட்டிலில் தொண்ணூறு பாகைக்கே அலறுவான். வீட்டுக் கோடோ நூற்றிருபதைத் தொட்டிருந்தது.

(முதல் வரைவில் உணரிகளைத் தம்பி காலில் கட்டி ஏமாற்றினான். எழுதச் சிரிப்பாக இருந்தது. ஆனால் அந்தக் கோடு குதிரைபோலத் துள்ளியது. தம்பியை நீக்கிவிட்டேன்.)

3

ஜிபெக் திரையில் கோட்டைத் தட்டினாள். "தட-தட-தட, அப்புறம் ஒரு மூச்சு. குதிரைப் பாய்ச்சல் எனக்குத் தெரியாதாடா?"

"நீங்கதானேக்கா உக்காந்தே இருன்னு சொன்னீங்க? உக்காந்துதான் இருந்தேன்."

"குதிரை மேலயா!"

"வேற எதுல உக்காருவாங்க?"

"சும்மா உக்காந்தா நூத்திருபது வராது. குனிஞ்சிருக்க. மறுபடி அறுந்தா தைக்க அங்க ஒண்ணும் மிச்சமில்ல."

"வலிக்கவே இல்லக்கா! கட்டில்ல இது யாரோட காலோ. சேணத்துல என்னோடது. நூருஸ் பண்டிகை ஆட்டத்துக்குச் சரின்னு சொல்லுங்க. இல்லேன்னா என் இடத்தை அந்தத் தொப்பையனுக்குக் குடுத்துருவாங்க. குனிஞ்சா அவனே ஆடு மாதிரி உருண்டு விழுவான்."

அவள் கோபத்தோடு—

(பொய். அவள் கண்கள் மின்னின. கட்டில் தராத பாகையைக் குதிரை தந்திருக்கிறது!)

4

முடிவு ஒன்று: மறுக்கிறாள். கால் பத்திரம். அவன் குதிரையை விற்கிறான்.

முடிவு இரண்டு: சம்மதிக்கிறாள். ஆட்டத்தின் நடுவே அவன் முழங்கால்—

(இரண்டையும் அடித்துவிட்டேன். இழப்பை இந்தப் பக்கத்தில் விடுவதாக இல்லை.)

மூன்றாவது இப்போதுதான் வந்தது.

"குதிரையைக் கொண்டா. என் கண்ணு முன்னாடி குனி."

மருத்துவமனை முற்றம். மடிக்கணினியை ஒரு கையில் ஏந்தியபடி, ஆட்டுக்குப் பதிலாகத் தன் பையைத் தரையில் எறிகிறாள். அவன் பாய்ந்து வருகிறான். பையை அள்ளச் சரிகிறான். நூறு. நூற்றுப்பத்து. கோடு நடுங்காமல் ஏறுகிறது. நூற்றிருபது. இன்னும் ஏறுகிறது. "போதும்" என்று கத்த ஜிபெக் வாயைத் திறக்கிறாள்.

இங்கே நிறுத்துகிறேன். அவன் விரல் பையை இன்னும் தொடவில்லை. கத்துவதா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், குதிரை ஓடிக்கொண்டிருக்கிறது.