துர்க்காவின் பேரில் ஒரு டொமைன்

அந்த நாளில் ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி லைன்தான். யாராவது இன்ரநெட்டுக்குள் போய்விட்டால் வெளியாட்கள் எத்தனை தரம் அடித்தாலும் கிடைக்காது. ரொறன்ரோவின் டோர்செட் பார்க் மாடிவீட்டில் மோடம் கீச்சிட்டு, இரைந்து, பிறகு திடீரென்று அடங்கும் அந்தச் சத்தத்தை இன்றைக்கு எங்காவது கேட்டாலும் துர்க்கா ஒரு கணம் நின்றுவிடுவாள்.

அப்போது அவளுக்கும் சிநேகிதி நிரூபாவுக்கும் பதினாறு வயது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேருமாக, அப்பாமாரின் ஊர்ப் பள்ளிக்கூடப் பழைய மாணவர் சங்கத்தின் மின்மடலை அனுப்புவார்கள். கலியாணம், சாவீடு, ஒன்றுகூடல் எல்லாம் அதில் வரும். தமிழ் எழுத்துரு எல்லாருடைய கணினியிலும் இல்லாததால், தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து லண்டனுக்கும் பாரிசுக்கும் அனுப்பினார்கள்.

துர்க்காவின் அப்பா செல்வரட்ணத்துக்கு ஒரு பழக்கம். முதல் மாதம் இலவசம் என்று எந்த இன்ரநெட் கொம்பனி சொன்னாலும் அதற்கு மாறிவிடுவார். கொம்பனி மாறினால் சங்கத்தின் ஈமெயில் முகவரியும் மாறும். பாரிசிலிருந்து வந்த மரண அறிவித்தல் ஒன்று செத்துப்போன முகவரிக்குப் போய்த் தொலைந்தபிறகுதான் நிரூபா சொன்னாள்:

"சங்கத்தின்ரை பேரிலை ஒரு டொமைன், சொந்த இணைய முகவரி, எடுப்பமடி. உன்ரை கொப்பர் எத்தினை கொம்பனி மாறினாலும் பேர் எங்களோடை நிக்கும். அதுக்கு வாற மெயிலை புதுப் பெட்டிக்குத் திருப்பிவிட்டாச் சரி."

டொமைனை யார் பேரில் பதிவது? அதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். தலைவர் தில்லையம்பலம், நிரூபாவின் அப்பா. செயலாளர் செல்வரட்ணம்.

"தலைவற்றை பேரிலைதானே போடவேணும்" என்றார் தில்லையம்பலம்.

"அப்ப செயலாளர் என்னத்துக்கு, கதிரை அடுக்கவோ?"

மேசையில் வைத்த றோல்ஸ் பலகாரம் ஆறிப்போனது. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு அன்ரி கத்தினார்: "உந்தப் பிள்ளையின்ரை பேரிலை போட்டு முடியுங்கோவன், பஸ்ஸுக்கு நேரமாகுது!"

அப்படித்தான் டொமைன் துர்க்காவின் பேரில் வந்தது.

அடுத்த வருடமே சங்கம் இரண்டாக உடைந்தது. வருடாந்த இராப்போசனத்தை எந்த மண்டபத்தில் வைப்பது என்பதில் தொடங்கிய சண்டை அது. தில்லையம்பலம் ஒரு பக்கம், செல்வரட்ணம் மறுபக்கம். இரண்டு பக்கமும் அதே பேரையே வைத்துக்கொண்டன. அடுத்த மாதம் ஒரே சனிக்கிழமையில் இரண்டு போசனம்.

"டொமைனை எங்கடை பக்கத்துக்கு மாத்து" என்றார் செல்வரட்ணம். "உன்ரை சம்மதம் இல்லாமல் மாத்தேலாதாம். வெள்ளிக்கிழமைக்கிடையிலை செய்துபோடு. நிரூபாவோடை இனி உனக்கு ஒரு கதையும் வேண்டாம்."

துர்க்கா அப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேசியவள் இல்லை. அவர் வேலைக்குப் போனதும் தொலைபேசியை எடுத்தாள்.

"நிரூ, எனக்குப் பயமா கிடக்கடி. குடுத்தா உன்னோடை முடிஞ்சுது. குடுக்காட்டி அப்பாவோடை."

"எங்கடை அப்பாவும் உதைத்தான் கேக்கிறார். உன்னை மடக்கி டொமைனைத் தன்ரை பக்கத்துக்கு வாங்கட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன். வேறை என்ன சொல்ல?" நிரூபா சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. "குடுத்திடாதை துர்க்கா. எனக்கும் குடுத்திடாதை."

வெள்ளிக்கிழமை மடல் வழக்கம்போல அதே முகவரியிலிருந்து போனது. இரண்டு இராப்போசன அறிவித்தலும் ஒன்றின்கீழ் ஒன்றாக அதில் இருந்தன.

மறுநாள் காலை லண்டனிலிருந்து அப்பாவுக்கு அழைப்பு வந்தது. ரொறன்ரோவுக்கு வர ரிக்கற் எடுத்திருந்தவர், எந்த மண்டபத்துக்கு வருவது என்று கேட்டாராம். அப்பா ஏதோ முணுமுணுத்துவிட்டு ரிசீவரை வைத்தார். நேரே கணினிக்கு முன்னால் வந்து நின்றார்.

"காட்டு."

துர்க்கா மடலைத் திறந்தாள்.

"அப்பா, நான் மாத்திக் குடுக்கேல்லை. குடுக்கவும் மாட்டன்."

அவள் நிறுத்தினால் அழுதுவிடுவாள் போல இருந்ததால் தொடர்ந்து சொன்னாள்.

"உங்களுக்குத் தந்தா அவை இன்னொரு டொமைன் வாங்குவினம். பிறகு ரண்டு மடல். பாதிச் சனத்துக்கு ஒண்டு, மற்றப் பாதிக்கு மற்றது. ஆர் கலியாணம் கட்டினது, ஆர் செத்தது எண்டு ஒருத்தருக்கும் முழுசாத் தெரியாது. லண்டன், பாரிசிலை இருக்கிறவைக்கு உங்கடை சண்டை தெரியாதப்பா. அவைக்குத் தெரிஞ்சது இந்த ஒரு முகவரிதான்."

அடி விழும் என்று நினைத்தாள். அப்பா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, திரைக்குக் கிட்டக் குனிந்து, மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தார். கீழிருந்து மேலாக இன்னொருமுறை.

"அது கிடக்கட்டும்" என்றார் கடைசியில். "உவையின்ரையை ஏன் மேலை போட்டனி?"

"அவையின்ரைதான் முதல் வந்தது."

"அப்பிடியோ?" அவர் நிமிர்ந்தார். "அப்ப இனி எங்கடை அறிவித்தலை நான் வியாழக்கிழமையே தாறன். வாங்கி வை."