ஆறு இலக்கம்

வளைகுடாவில், ராஸ் லஃபானில் எங்கள் கேஸ் பிளாண்டுக்குள் கேமரா வைத்த போனைக் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சர்வர்களைத் தொலைவிலிருந்து இயக்கும் கறுப்புப் பெட்டியோ, பாஸ்வேர்டு மட்டும் போட்டால் திறக்காது, போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணையும் கேட்கும். இந்த இரண்டு சட்டங்களையும் போட்ட புண்ணியவான்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

என் சீனியர் சேதுமாதவன் அண்ணன் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தன் போனை அல் கோர் டவுனில் இருந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார். காலையில் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, மேஜை போனில் நளினி அண்ணியைக் கூப்பிடுவார். அண்ணி எண்ணைப் படிப்பார், பெட்டி திறக்கும். அந்தப் பெட்டிக்குப் போகிற ஒவ்வொரு எழுத்தும் பூட்டித்தான் போகிறது, நடுவில் எந்தக் கொம்பனும் படிக்க முடியாது என்று பெருமையாகச் சொல்வார்கள். அவ்வளவு பெரிய பூட்டுக்குச் சாவி அடுக்களையில் மிக்சி பக்கத்தில் கிடந்தது.

"கம்பெனியவே அண்ணிகிட்ட அடகு வெச்சிட்டீங்களே" என்று கிண்டல் செய்வேன்.

"ஒருநாளாச்சும் தப்பா படிச்சிருப்பாளா, சொல்லு" என்பார்.

போன மாதம் டியூட்டியிலேயே அவருக்கு நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பொள்ளாச்சியில் காரியங்களை முடித்துவிட்டு, வீட்டைக் காலி செய்ய அண்ணி மட்டும் திரும்பி வந்திருந்தார். இன்று மாலை விமானம். அண்ணன் பெயரில் இருந்த சிம்மும் இன்றோடு போய்விடும்.

அந்தப் பெட்டியில் புது ஆளைச் சேர்க்கும் உரிமை அவருடைய லாகினுக்கு மட்டும்தான் இருந்தது. சிம் போவதற்குள் உள்ளே நுழைந்து என்னைச் சேர்த்துவிட்டு, அவரை அழிக்க வேண்டும். மேனேஜர் ஸ்ரீகாந்த் லாக்கரில் இருந்த பாஸ்வேர்டை எடுத்துக் கொடுத்து, "லஞ்சுக்குள்ள முடிச்சிடு" என்று சொல்லிவிட்டு மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைத் தட்டினேன். அவர் மேஜை போனிலிருந்தே அண்ணியைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஃபோர், நைன், டூ..." என்று மளமளவென்று படித்தவர் சட்டென்று நிறுத்தினார். அவர் போனில் தெரிந்தது அண்ணனின் மேஜை எண் அல்லவா, பழக்கம் வாயை முந்திக்கொண்டது. அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

"அண்ணி, நான் முகிலன்."

"தெரியுதுங்க தம்பி" என்றார். அழத் தொடங்கிவிட்டார். ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் நேரம் கடந்துவிட்டது, அந்த எண் இனி செல்லாது என்று திரை சொன்னது. அதை அவரிடம் சொல்ல மனம் வராமல், மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அங்கே செய்தி வந்து விழும் சத்தம் எனக்கே கேட்டது.

"இனிமே இந்த போனுக்கு எதும் வராதுங்களா?"

"வராது அண்ணி. எனக்குத் தனியா டோக்கன்னு ஒரு சின்னக் கருவி குடுத்துட்டாங்க. நம்பர் அதுலயே வந்துடும்."

இந்த முறை ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். கடைசி இலக்கத்தைச் சொல்ல நெடுநேரம் எடுத்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை. நல்லவேளை, பெட்டி திறந்தது.

என் பெயரைச் சேர்த்து முடித்தேன். பட்டியலில் எங்கள் இருவர் பெயரும் மேலும் கீழுமாக வந்தன. அவருடையதற்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

"வேலை முடிஞ்சுதுங்களா?" அண்ணி இன்னும் போனை வைக்கவில்லை.

"என் பேரு சேந்துருச்சு. அண்ணன வெளிய எடுத்துட்டு, அவர் பேர அழிக்கணும்."

"இப்ப அவருக்கு என்னன்னு காட்டுது?"

"உள்ள இருக்கார்னு காட்டுது, அண்ணி."

அங்கே யாரோ அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது. "சித்த நிறுத்துங்க" என்று அண்ணி அவர்களிடம் சொன்னார். பிறகு என்னிடம், "கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க தம்பி" என்றார்.

"சரிங்க அண்ணி."

யாரும் தொடாமல் விட்டால் அந்தப் பெட்டி தானாகவே ஆளை வெளியே தள்ளிவிடும். திரை மங்கப் பார்க்கும்போதெல்லாம் மவுஸை லேசாக அசைத்துக்கொண்டே இருந்தேன்.